யார் சொன்னாலும் நம்பாதீர்கள்

ஹலோ... ஆங், சொல்லுங்க மாப்ள... கொஞ்சம் சத்தமா... இங்க ஒரே கைதட்டல், காதுல விழல... ஆமா, ஆமா, இணையத் தாக்குதல் ஒத்திகை ஆரம்பிச்சாச்சு. அமைச்சர் இப்பத்தான் பட்டன அமுக்கினார். உங்க குடிநீர் நிலையம்தான் மொத காட்சி...

என்னது? குடிக்கிற தண்ணியில காஸ்டிக் சோடா கொட்டுதா?... பிரமாதம்!... இல்ல மாப்ள, கிண்டல் பண்ணல, மனசாரச் சொல்றேன். குரல்ல ஒரு நடுக்கம் வருது பாருங்க, அதெல்லாம் எழுதிக் குடுத்து வராது. உங்க கல்யாணத்துல ரெண்டு வார்த்த பேசச் சொன்னதுக்கு மண்டபத்துக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கிட்ட ஆளு நீங்க. இப்ப என்ன ஒரு நடிப்பு!...

...சரி... சரி... ஒத்திகை இல்ல, நிஜம்ங்கறீங்க. அதுவும் நல்லாத்தான் இருக்கு. ஆனா எடுபடாது மாப்ள. சுற்றறிக்கைய நீங்க படிக்கல. 'இது ஒத்திகை அல்ல, உண்மை என்று யார் கூறினும் அக்கூற்றையும் தாக்குதலின் ஓர் அங்கமாகவே கருதுக.' யார் எழுதினது? உங்க மச்சான்தான். அமைச்சர் அந்த வரிய மட்டும் திருப்பிப் படிக்கச் சொல்லி ரசிச்சார்...

...கத்தாதீங்க. தங்கச்சி புருஷன்னு பாக்கறேன்... இங்க பெரிய திரையில உங்க நிலையம் பச்சைப் பசேல்னு இருக்கு. எல்லா அளவும் சரியா இருக்கு. தண்ணியில புளிப்பு எடுக்க எப்பவும் விடற சோடாவும் சொட்டுச் சொட்டாத்தான் இறங்குது... தொட்டியில மளமளன்னு இறங்குதா? கண்ணாலயே பாத்தீங்களா?... சரி, பாத்தீங்க... குழாயில கைய வெச்சீங்களா?... வழுவழுன்னு இருக்கா? சோப்பு மாதிரியா?... எரியுதா?...

மாப்ள... இருங்க... ஒரு நிமிஷம் இருங்க.

நம்ம ஒத்திகையில தண்ணியே கிடையாதே. பேப்பர்ல மட்டும்தானே தாக்குதல். நீங்க போன் பண்ணணும், நான் எடுக்கணும், 'முறியடித்துவிட்டோம்'னு நான் மைக்ல சொல்லணும், அப்புறம் சாப்பாடு. அவ்வளவுதானே திட்டம்... கை எரியற மாதிரி யாரும் எழுதலையே...

...திரையா? அது... அது படம் மாப்ள. போன வாரம் எடுத்த படம். விருந்தாளிங்க முன்னால ஏதாவது சிவப்பா மின்னிட்டா அசிங்கம்னு... ஆமா... கட்டுப்பாட்டு அறையிலயும் அந்தப் படம்தான் ஓடுது... ஆமாய்யா, ஆமா, எல்லாரும் அதத்தான் பாத்துக்கிட்டிருக்காங்க...

அலாரமா? அது எப்படி அடிக்கும்? அமைச்சர் பேச்சுக்கு இடைஞ்சலா இருக்கும்னு காலையிலயே அணைச்சாச்சு. எவனோ, எந்த ஊர்ல எந்த ரூம்ல உக்காந்திருக்கானோ, நாம நாள் நட்சத்திரம் போட்டு ஊரெல்லாம் அழைப்பிதழ் குடுத்ததப் படிச்சிட்டு வந்திருக்கான்...

சரி, சரி, பதறாதீங்க. ஊருக்குப் போற பெரிய குழாய் இருக்குல்ல, அதோட வால்வக் கையாலயே மூடுங்க... சக்கரம் இல்லையா? ஏன் இல்ல? எப்பவும் இருக்குமே, வண்டி ஸ்டியரிங் மாதிரி, பச்சை பெயிண்ட் அடிச்சு...

...ஓ.

...ஆமா. இங்கதான் இருக்கு. தங்க முலாம் பூசி, கண்ணாடிப் பெட்டியில. 'முழுமையான தானியங்கிமயமாக்கலின் நினைவாக'ன்னு அடியில பொறிச்சிருக்கு. அமைச்சருக்கு நினைவுப் பரிசு... கழட்டறப்ப நீங்களும் பக்கத்துல நின்னு போட்டோவுக்குச் சிரிச்சீங்களே மாப்ள, அன்னிக்கு ஒரு வார்த்த... சரி விடுங்க... ரெஞ்ச் போட்டுப் பாருங்க... வழுக்குதா?... துணி சுத்திப் பிடிங்க... அசையலையா?...

அப்ப கரண்ட்ட நிறுத்துங்க. வெளிய போய் மெயின... கதவு திறக்கலையா? உள்ள பூட்டிக்கிச்சா?... அதுவும் அவன்தானா... உடைங்க!... இல்ல, உடையாது. தெரியும். குண்டு வெச்சாலும் அசையாத கதவுன்னு நான்தான் டிவியில பேட்டி குடுத்தேன்.

லைன்லயே இருங்க, வெச்சுடாதீங்க. பக்கத்துல நம்ம வாரியத் தலைவர் இருக்கார், அவர்கிட்ட சொல்றேன்... சார்... சார், மன்னிக்கணும். பம்ப உடனே நிறுத்தச் சொல்லணும் சார். நிஜமாவே உள்ள வந்துட்டாங்க... ஆமா சார், விதி தெரியும் சார், நான்தான் எழுதினேன் சார்... இல்ல சார், இது அதுல வராது... சார், மாப்ள சொல்றார் சார், தண்ணி கைய எரிக்குதுன்னு... சார்...

...ஹலோ, மாப்ள? தோளத் தட்டறார். 'தத்ரூபமா இருக்குய்யா, அப்படியே பத்திரிகைக்காரங்க பக்கம் திரும்பிச் சொல்லு'ங்கறார்... போலீஸா? அவங்க முன்வரிசையில உக்காந்து முந்திரி கொறிக்கறாங்க. தீயணைப்புக்காரங்க அதுக்கு அடுத்த வரிசை... போய்ச் சொன்னேன் மாப்ள! எழுந்து நின்னு கைதட்டறாங்க!

கட்டுப்பாட்டு அறைக்குப் பேசினீங்களா?... சிரிச்சாங்களா... என்ன சொன்னாங்க?... 'உங்க மச்சான் அப்பவே சொல்லிட்டார், போன வைங்க'ன்னாங்களா...

சரி. ஊருக்குள்ள தண்ணி போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?... அவ்வளவுதானா... மொதல்ல எந்தப் பக்கம்?... நம்ம வீட்டுப் பக்கமா. தங்கச்சி எங்க இருக்கா?... வீட்லயா? குட்டி ஸ்கூலுக்குப் போகலையா?... ஜுரமா... அவகிட்ட சொன்னீங்களா இல்லையா?... நம்பலையா?...

ஆமா. செய்தி நான்தான் அனுப்பினேன். ஊர்ல இருக்கிற அத்தன போனுக்கும். 'இன்று தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், பீதியடையாமல் வழக்கம்போல் பயன்படுத்துங்கள்'... பேரோட, பதவியோட... அவ அதப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டினாளா... எங்கண்ணன்னு சொல்லி... ம்...

இருங்க, நான் சொன்னா கேப்பா. சின்ன வயசுலேருந்து நான் சொன்னா கேப்பா. இந்த லைன்லயே சேக்கறேன், இருங்க... ரிங் போகுது... எடு... எடு பாப்பா...

ஹலோ! பாப்பா, நான் அண்ணன் பேசறேன்... ஆமா, அண்ணன்தான். கேளு, குழாயத் திறக்காத. பிடிச்சு வெச்ச தண்ணி இருந்தா கொட்டிடு. குட்டிக்கு மாத்திரைக்குக்கூட அதக் குடுக்காத... ஏன் சிரிக்கற?... விளையாட்டு இல்ல பாப்பா... செய்தி நான் அனுப்பினதுதான். இப்ப நான்தானே வேண்டாம்ங்கறேன்...

...ஆமா. 'என் குரலிலேயே பேசினாலும் நம்பாதீர்கள்'னும் போட்டிருந்தேன். இப்பல்லாம் கம்ப்யூட்டர் அச்சு அசலா யார் குரல்லயும் பேசும்னு... ஆமா, எச்சரிக்கையாத்தான் இருக்கணும், நல்ல பொண்ணு... ஐயோ, இது நான்தாம்மா!

சரி, நிரூபிக்கறேன். கேட்டுக்கோ. நீ சின்னவளா இருந்தப்ப கிணத்துல விழப் பாத்த, நான் உன் பின்னலப் பிடிச்சு இழுத்தேன். அது நம்ம ரெண்டு பேருக்கும் மட்டும்தானே... என்ன?... மகளிர் கல்லூரியில பேசினேனா?... வீடியோவுல இருக்கா... சரி, வேற. அப்பாவோட கண்ணாடிய உடைச்சிட்டுப் பழிய உன் மேல... அதுவும் சொல்லிட்டேனா?... 'நேர்மை'ங்கற தலைப்புலயா... அம்மா கடைசியா ஆஸ்பத்திரியில சொன்ன வார்த்த... ஆமா, விருது வாங்கறப்ப சொன்னேன். ஆமா. எல்லாரும் அழுதாங்க... ஆமா...

எதையுமே மிச்சம் வெக்கலையா நான்?

மாப்ள, லைன்ல இருக்கீங்கல்ல, நீங்க சொல்லுங்க... பாத்தியா, மாப்ளயும் சொல்றார்... அவர் குரலையும் செஞ்சிருப்பாங்களா? அவர் குரல எதுக்கும்மா செய்யணும், அவர் எந்த மேடையில பேசினார்!... பாப்பா, பின்னால என்ன சத்தம்? குழாயா?... குட்டி தண்ணி கேக்கறாளா?... ஒரே ஒரு நாள் தாகத்தோட இருக்கட்டும். அண்ணன் பொய் சொல்றேன்னே வெச்சுக்கோ. பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும், உனக்கு என்ன நஷ்டம்... அண்ணன் பேச்ச மீறின மாதிரி ஆயிடுமா...

இல்ல பாப்பா, இது சிரிப்பு இல்ல... ஆமா, அழறேன்... அழறேன்டி... என்ன சொன்ன? எங்கண்ணன் அழ மாட்டாரா?... அதுலயே கண்டுபிடிச்சிட்டியா... இல்லம்மா, உங்கண்ணன் அழுவான், உனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது, நான் எந்தக் கூட்டத்துலயும் அத... வைக்காத... பாப்பா, வைக்கா—