பாஸ் போட்ட கீரை

கீரை ஆய்வதற்குப் பொறுமை வேண்டும் என்கிறார்கள். எனக்கு வேறு வேலை இல்லாததால் பொறுமை தேவைப்பட்டதே இல்லை.

பேனாவும் தாளும் கொடுத்து உட்காரவும் சொன்னீர்கள். நன்றி. கன்னடம் பேசுவேன், எழுத்து கைக்கு வராது. நான் படித்தது கௌதள்ளியில், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். ஸ்டேஷனில் தமிழ் தெரிந்தவர் யாராவது இருப்பார்கள், படித்துச் சொல்லட்டும்.

என் பெயர் ரத்தினவேல். வயது அறுபத்தேழு. ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் எலக்ட்ரீஷியன். மனைவி பாப்பாத்தி இறந்து நான்கு வருடம் ஆகிறது. மகன் சந்துரு புனேயில் இருக்கிறான், நல்ல பையன், பண்டிகைக்குத் தவறாமல் போன் செய்வான். மற்ற நாட்களில் நான் குக்கரோடு பேசிக்கொண்டிருந்தேன். மூன்று விசில் பதில் வரும். பல மனிதர்களைவிட அது பரவாயில்லை.

கீரை விஷயம் தற்செயலாக ஆரம்பித்தது. இலவாலா ரோட்டில் லேஅவுட் போட்டு, வீடு கட்டாமல் கிடக்கும் சைட்டுகள் ஏராளம். ஒரு மழை பெய்தால் போதும், எல்லைக் கல்லே தெரியாத அளவுக்குச் செடி மண்டிவிடும். எல்லாம் தின்னக்கூடியவை: பண்ணைக்கீரை, மூக்கிரட்டை, மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி. இந்தப் பக்கத்தில் பத்து வகைக் கீரையை ஒவ்வொரு பிடி கலந்து பறித்துப் பருப்போடு மசிப்பார்கள். அந்தக் கலவைக்கு பெரகெ சொப்பு என்று பெயர், மசித்தால் மஸ்ஸொப்பு. நான் தனியாகப் பறித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, நடைப்பயிற்சிக்கு வந்த இரண்டு பேர் நின்று கேட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேர் வந்தார்கள். என்னை ஸார் என்றார்கள். தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் 'ஏய் ஒயரு' என்றுதான் கூப்பிட்டார்கள்.

எங்கள் வழக்கம் இது. பறித்து முடித்ததும் என் பழைய வேட்டியைத் தரையில் விரிப்பேன். ஒவ்வொருவரும் தன் கீரையை அதில் கொட்ட வேண்டும். நான் இலை இலையாகப் பார்த்துக் கட்டித் தருவேன். அதற்குப் பாஸ் போடுவது என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் பாஸ் போடாத கீரையை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். கலவைக் கீரையில் ஆபத்தே அதுதான். வேண்டாத செடி ஒரு பிடி உள்ளே போனாலும் நறுக்கி வேகவைத்த பிறகு எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

நான் நன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். கற்றுக்கொண்டவர்கள் வருவதை நிறுத்தினார்கள். வார நாட்களில் போட்டோ அனுப்பி 'இது என்ன ஸார்' என்று கேட்டவர்கள், பிறகு சமைத்த கீரையின் போட்டோவை அனுப்பினார்கள். பிறகு அதுவும் இல்லை. வாத்தியார் கெட்டிக்காரனாக இருந்தால் வகுப்பு காலியாகும் என்று எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை.

மூன்று வருட முடிவில் நிர்மலா மட்டும் மிஞ்சினார். சரஸ்வதிபுரத்தில் வீடு, வங்கியில் அதிகாரி. மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார் குடும்பம். அம்மா லக்ஷ்மம்மாவும் மகள் அக்ஷதாவும் உடன் இருந்தார்கள். ஸ்கூட்டரில் சரியாக ஏழு மணிக்கு வந்துவிடுவார். அந்த ஞாயிறு வந்தபோது கையில் போன் இருந்தது.

"ஸார், இதோ நோடி, பாருங்கோ. அக்ஷதா ஒரு ஆப் போட்டுக் குடுத்திருக்கா. செடிக்கு நேரா காமிச்சா பேரு சொல்லிடறது."

"சரியாச் சொல்லுதுங்களா?"

"தொண்ணூத்தாறு பர்சென்ட்!"

"அப்ப எனக்கு அது மேலதிகாரிங்க. எம்பட மார்க்கு பத்தாங்கிளாஸ்ல முப்பத்தஞ்சு."

சிரித்தார். சிரித்துக்கொண்டே சொன்னார். "அடுத்த வாரத்திலேர்ந்து எங்காத்துப் பக்கத்து சைட்லயே பறிச்சுக்கறேன் ஸார். எத்தனை நாள் உங்களுக்குத் தொந்தரவு குடுக்கறது? ஞாயித்துக்கிழமையாவது ரெஸ்ட் எடுத்துக்கோங்கோ."

என்னை விடுதலை செய்துவிட்டதாக அவர் உண்மையிலேயே நம்பினார். நல்ல மனசு.

வேட்டியை விரித்தேன். கீரையைக் கொட்டினார். பார்த்தேன், கட்டினேன், "பாஸ்" என்றேன். ஸ்கூட்டர் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து போனைச் சார்ஜில் போட்டு, சத்தத்தைக் கூட்டி, அதன் எதிரில் உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு அடித்தது. உடனே எடுத்தால் வேலையற்றவன் என்று தெரிந்துவிடும். நான்கு முறை அடிக்கவிட்டு எடுத்தேன்.

"ஸார், அம்மா என்னமோ மாதிரி பேசறா. கண்ணெல்லாம் பெரிசாயிருக்கு, என்னையே யாருங்கறா. எனக்கும் வாய் வறண்டு போறது. நான் ரெண்டு ஸ்பூன்தான் சாப்ட்டேன். அம்மாவுக்கு மஸ்ஸொப்புன்னா உயிரு, ரெண்டு தடவை போட்டுண்டா. அதுல வேற ஏதாவது எலை…?"

ஒரு சொல் போதும். அதை நான் போனிலேயே சொல்லியிருக்கலாம்.

"பாக்காமச் சொல்லக்கூடாதுங்கம்மா. மிச்ச இலையை வீசிப்போடாதீங்க. நான் வர்ற வரைக்கும் எங்கயும் கிளம்ப வேண்டாம்."

"சீக்கிரம் வாங்கோ ஸார். உங்களைத்தான் நம்பிண்டிருக்கேன்."

சவரம் செய்துகொண்டேன். முதல்முறையாக ஒருவர் வீட்டுக்குப் போகும்போது முள்தாடியோடு போகக் கூடாது. சட்டையை இஸ்திரி போட்டேன். ஆட்டோவில் போயிருக்கலாம். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு போக பஸ்தான் வசதி. சிட்டி பஸ் ஸ்டாண்டில் மாற வேண்டும், மாறினேன்.

நிர்மலா வாசலிலேயே நின்றார். கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். லக்ஷ்மம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். முகம் சிவந்திருந்தது. விரல்கள் வெறும் காற்றில் எதையோ பொறுக்கி, கிள்ளி, மடியில் போட்டுக்கொண்டிருந்தன. அவரும் கீரைதான் ஆய்கிறார் என்று எனக்குப் பட்டது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. யாரென்று நினைத்தாரோ.

"வாங்கோ, வாங்கோ. சாப்ட்டேளா?"

பாப்பாத்தி போன பிறகு என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. "சாப்பிட்டாச்சுங்கம்மா" என்றேன். பொய்தான்.

அக்ஷதா, "அம்மா, ஆம்புலன்ஸ் கூப்பிடலாம், சும்மா டைம் வேஸ்ட்" என்றாள்.

"சித்த இருடி. ஸார் பாக்கறாரோல்லியோ?"

மிச்சக் கீரையை ஒரு தட்டில் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு இலையாக எடுத்தேன். கசக்கினேன், முகர்ந்தேன், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு பேரும் மூச்சுவிடாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபது நிமிடம் இருக்கும். அந்த நேரத்தில் போன் மேசையில் கவிழ்ந்து கிடந்தது, யாரும் அதை எடுக்கவில்லை.

பிறகு சொன்னேன். "ஊமத்தைங்க. இளசு."

மருத்துவமனையில், "இன்னும் முன்னால் வந்திருந்தால்" என்று டாக்டர் வாக்கியத்தை முடிக்காமல் விட்டார். பலவீனமான இதயம் என்றார். லக்ஷ்மம்மா செவ்வாய்க்கிழமை காலையில் இறந்தார். நீங்கள் விபத்து என்று எழுதிக்கொண்டீர்கள். போனை நம்பி நிர்மலா கண்டதையும் பறித்துவிட்டார், அவசரத்தில் பெரியவர் கண்ணும் தப்பவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. வயதானவன் என்று பாவம்கூடப் பார்த்தார்கள்.

பதின்மூன்றாம் நாளுக்குப் போயிருந்தேன். நிர்மலா இளைத்துப்போயிருந்தார். "என் கையாலயே அம்மாவுக்குப் போட்டேன் ஸார். இனிமே ஒரு எலையைத் தொட மாட்டேன்" என்றார். அதற்குமேல் அழக்கூட அவரிடம் தெம்பில்லை. அதை என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு இளகிய மனசு, அதுதான் என் கோளாறு. அதனால்தான் வந்தேன்.

அவர் தப்பாகப் பறிக்கவில்லை. அன்று வேட்டியில் கொட்டிய கீரையில் ஒரு குறை இல்லை. மூன்று வருடத்தில் நான் பார்த்ததிலேயே சுத்தமான கீரை. அவர் தண்ணீர் பாட்டில் எடுக்க ஸ்கூட்டர் பக்கம் திரும்பினார். என் சட்டைப்பையில் இருந்ததை எடுத்து நடுவில் வைத்துக் கட்டினேன். பையில் அது எப்படி வந்தது என்று கேட்பீர்கள். விடியற்காலையிலேயே டிரான்ஸ்பார்மர் ஓரத்தில் பறித்துவைத்திருந்தேன். செடிக்குப் பெயர் சொல்லும் ஆப் போனில் வந்துவிட்டதையும் அதுதான் கடைசி ஞாயிறு என்பதையும் சனிக்கிழமையே மெசேஜில் சொல்லியிருந்தார்.

யாரையும் கொல்ல நினைக்கவில்லை. கொஞ்சம் தலைசுற்றல், ஒரு பயம், ஒரு போன். அவ்வளவுதான் கணக்கு. நடுவில் ஒரு அம்மா இருந்தார், அவருக்குக் கீரை பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். மூன்று வருடமாகத் தெரியும். கட்டியவன் நான், நேரத்தைக் கடத்தியவனும் நான். நிர்மலாவின் கையில் ஒன்றும் இல்லை. அதை அவருக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

சொன்னால் அவர் என்னைப் பார்க்க வருவார். கேட்பதற்கு அவருக்கு நிறைய இருக்கும், எல்லாவற்றுக்கும் பதில் என்னிடம்தான் இருக்கிறது. அவசரமில்லாத நாளாகப் பார்த்து வரச் சொல்லுங்கள்.