நாலு கம்பி கேபிள்

அக்கா: ...அப்போ இதுவும் ஆகாதா?

தம்பி: சார்ஜ் ஏறுதுக்கா. கம்ப்யூட்டர்தான் போனைக் கண்டுக்க மாட்டேங்குது.

அக்கா: போன் கடை வச்சிருக்கவன்தானேடா நீ? இது ஆறாவது கேபிள்.

தம்பி: வெளியில பார்த்தா எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும். உள்ள ரெண்டு கம்பி இருந்தா வெறும் கரண்டுதான் போகும். போட்டோ, வீடியோ போகணும்னா நாலு கம்பி வேணும்.

மனைவி: ஆமா அண்ணி. அவர் சொல்றது சரிதான்.

அக்கா: இதென்ன அதிசயம்? இவன் சொன்னதை நீ சரிங்கிறே?

மனைவி: கேபிள் விஷயத்துல மட்டும்.

அக்கா: அந்த வெள்ளையை எடு.

தம்பி: அது டைப் சி. இந்தப் பழைய போனுக்கு வாயே சேராது.

அக்கா: இந்தக் கறுப்பு? இது சேருதே.

மனைவி: அது அவர் ஷேவ் பண்ற மிஷினோடது அண்ணி.

தம்பி: வாய் சேரும். ஆனா ரெண்டு கம்பிதான்.

அக்கா: பிரிச்சுப் பார்த்தியா?

தம்பி: ...அனுபவம்தான்.

அக்கா: அந்த வீடியோவை நெட்டுலயே அனுப்பித் தொலையேன்.

மனைவி: தண்ணியில விழுந்ததுல நெட்டும் போச்சு, சத்தமும் போச்சு அண்ணி. படம் மட்டும் ஓடுது. அதுலயும் பாப்பா முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கா.

தம்பி: பேட்டரி வேற இன்னைக்கோ நாளைக்கோன்னு கிடக்குது.

அக்கா: அதனாலதான்டா சொல்றேன். அவ பேசின முதல் வார்த்தை இதுல மட்டும்தான் இருக்கு. அப்பான்னு நீ, அம்மான்னு இவ... ஆறு வருஷமா கேட்டு என் காது புளிச்சுப் போச்சு. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்.

மனைவி: எதுக்கு அண்ணி... அப்பான்னே இருந்துட்டுப் போகட்டும்.

தம்பி: சேச்சே, அம்மான்னே வச்சுக்கலாம்.

அக்கா: ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கிறீங்களா? உடம்பு கிடம்பு சரியில்லையா?

தம்பி: வயசாகுதுல்லக்கா...

அக்கா: நகரு. என் பையில கேமரா கேபிள் இருக்கு.

தம்பி: அது பொருந்தாது.

அக்கா: பொருந்திருச்சு.

மனைவி: ரெண்டு கம்பியா இருக்கும் அண்ணி.

அக்கா: போன வாரம்தான் இதுல முந்நூறு போட்டோ ஏத்தினேன். அப்போ நாலு கம்பிதானே, தம்பி? நீ சொன்னதுதானே?

தம்பி: கம்ப்யூட்டரும் பழசுக்கா, கண்டுக்காது.

அக்கா: பாரு, போன் பேரு வந்துருச்சு.

மனைவி: அண்ணி, டீ குடிச்சுட்டுப் பார்க்கலாமே. இதோ, அவரையே போடச் சொல்றேன்...

அக்கா: பேசாம இரு. ஓடுது.

தம்பி: சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு...

அக்கா: ஷ்... இரு, திரும்பப் போடறேன். ...டேய். இது அப்பாவும் இல்ல, அம்மாவும் இல்ல. அத்தைன்னு கூப்பிடறா. என்னையாடா?

தம்பி: வேற அத்தை யாருக்கா இருக்கா அவளுக்கு? அப்போ நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவோம். பகல் பூரா உன் மடியிலதானே கிடந்தா.

அக்கா: அப்போ உங்களுக்கு முன்னாடியே தெரியும்.

தம்பி: போன் தண்ணியில விழறதுக்கு முன்னாடியே.

அக்கா: தெரிஞ்சுமா இத்தனை வருஷம் அடிச்சுக்கிட்டீங்க?

மனைவி: பொறாமைதான் அண்ணி. பெத்தவ நான், பேரு உங்களுக்கான்னு இருந்துச்சு. நீங்க வர்றீங்கன்னதும் நாலு கம்பி கேபிளையெல்லாம் இவர் கடைக்குக் கொண்டுபோயிட்டார். ஒண்ணு மட்டும் தப்பிச்சிருச்சு... அது மேலதான் ஒரு மணி நேரமா உக்காந்திருக்கேன்.