மாடி பஸ்ஸிலிருந்து தெரிந்த தொட்டி

"போடாத தண்ணித் தொட்டிக்குப் பில்லு போட்டு, என் மூணு மாச வாடகையை முழுங்கினவன் நீ."

லிங்கராஜபுரத்தில் நான் ஏறிய மாடி பஸ்ஸின் மேல்தளத்தில், எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மாள் பக்கத்து ஆளிடம் சொன்னார். அவர் வீட்டுக்கு வாடகை வசூலிக்கிற ஏஜெண்ட் அவன். திருட்டு முழி. காலைப் பனி கலையவில்லை. மரக்கிளைகள் ஜன்னலைத் தடவித் தடவிப் போயின. பஸ் மிதப்பது போலிருந்தது.

"பஸ்ஸுல எதுக்கு ஆன்ட்டி இதெல்லாம்? ஆபீசுக்கு வாங்க, பில்லு காட்றேன்."

"பில்லு பார்த்தாச்சு. தொட்டியைத்தான் பார்க்கல. மாடி சாவி கேட்டா, குடித்தனக்காரங்க கோச்சுப்பாங்கன்னு இழுத்தடிக்கிற. அதான் டிக்கெட் எடுத்து உன்னையும் ஏத்தினேன். இங்கேருந்து என் மாடி நல்லாத் தெரியும்."

பஸ் நின்றது. ஜன்னலுக்கு நேரே, பனிக்குள் அந்த வீட்டு மொட்டைமாடி. பழைய சிமென்ட் தொட்டி, அதன் விரிசலில் ஓர் அரசங்கன்று. இலைகள் ஈரத்தில் மின்னின. ஒரு நிமிஷம், அவன்மேல் எனக்கு வந்திருந்த கோபமே மறந்துபோயிற்று.

"புதுத் தொட்டியில மரம் முளைக்குமாடா?"

"புதுசு அந்தப் பக்கம் இருக்குது ஆன்ட்டி."

"அந்தப் பக்கம் ஆகாசம்தான் இருக்கு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். படியேறி வந்த கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். அம்மாள் எழுந்து நின்றார்.

"கொஞ்சம் பொறுங்கண்ணா. என் தொட்டி எங்கேன்னு இத்தனை பேர் முன்னால இவன் சத்தமா சொல்லட்டும். அப்புறம் ஊதுங்க."