கோரலின் அபிப்பிராயம்

ஒரே புத்தகத்தை ஒன்பது பேர் படித்தால் ஒன்பது அபிப்பிராயம் வரும். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஒன்பதையும் கேட்டுவிட்டு எது சரி என்று சொல்ல ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வாசகர் குழுவில் பத்தொன்பது வருடமாக அந்த ஒருவர் நான். உங்கள் அம்மாகூட இரண்டு வருடம் எங்களோடு இருந்தார், கான்ஸ்டபிள். வெர்னா பிளைத் குழுவை எப்படி நடத்தினாள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

மாதம் ஒருமுறை ஹோபார்ட்டிலிருந்து நூலகப் பெட்டி வரும். உள்ளே ஒரே நாவலின் பத்துப் பிரதிகள், கூடவே கோடு போட்ட ஒரு நோட்டு. படித்து முடித்த குழு அந்த நோட்டில் ஒரு பக்கம் தன் அபிப்பிராயத்தை எழுதிப் பெட்டியை அடுத்த ஊருக்கு அனுப்ப வேண்டும். டாஸ்மேனியாவில் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் எங்கள் ஆற்றங்கரைக் குழுவின் பக்கம் என் கையெழுத்தில்தான் இருக்கும். எங்கேயோ ஆடு மேய்க்கிற ஊரில் முகம் தெரியாத ஒருத்தி அதைப் படித்து, இவள் சொல்வதுதான் சரி என்று தலையாட்டுவாள். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. பெருமைப்பட அந்தப் பக்கங்கள்தான் இருந்தன.

கோரல் டென்னி செப்டம்பரில் வந்தாள். லான்செஸ்டன்காரி, தீவின் வடக்குப் பக்கம். முதல் கூட்டத்திலேயே கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் உறையை எடுத்து எல்லாருக்கும் காட்டினாள். உள்ளே மருந்து ஊசி.

"எல்லாரும் பாத்துக்குங்க. ஜாக்ஜம்பர் எறும்பு கடிச்சா எனக்கு அரைமணி நேரந்தான். இந்த மூடியக் கழட்டி, தொடையில ஒரே குத்து. துணி மேலயே குத்தலாம், வெக்கப்பட வேணாம்."

"தொடையிலயா? அப்ப நான் இப்பவே தயார்," என்றார் லென் ஸ்காட்னி. ஆப்பிள் தோட்டத்தை விற்றுவிட்டு வீட்டில் இருப்பவர். என் பக்கத்து நாற்காலியில் பத்து வருடமாக உட்கார்ந்தவர். அன்றைக்கு எழுந்துபோய் ஊசியைப் பார்க்க அவள் பக்கத்தில் உட்கார்ந்தார், அப்புறம் திரும்பி வரவே இல்லை. எறும்புக் கடியைப் பற்றி இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் அன்று எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டியதாம். நான் அப்படி நினைக்கவில்லை. அவளுக்கு ஊர் பழகட்டும் என்று நானே போய்க் காரில் கூட்டி வருவேன். கிறிஸ்துமஸுக்கு என் ஆப்பிள் கேக் ஒன்று முழுசாகக் கொடுத்தேன்.

ஜனவரிப் பெட்டியில் அந்தத் துப்பறியும் நாவல் வந்தது. பழைய புத்தகம், எழுபது எண்பது வருடமாக ஜனங்கள் படிக்கிறார்கள். கடலோர விடுதி ஒன்றின் கீழே, பாறையில், ஒரு டாக்டர் செத்துக் கிடப்பார். அலை அடித்துத் தள்ளிவிட்டது என்று போலீசும் ஊரும் முடிவு கட்டிவிடும். துப்பறிபவரும் பெட்டி படுக்கையைக் கட்டிவிடுவார். அப்போது கடைசி அத்தியாயத்தில், விடுதியில் தங்கியிருந்த பியானோ டீச்சர் தானாக ரயிலடிக்கு வந்து, நான்தான் தள்ளினேன் என்று சொல்லுவாள். ஏன் வந்தாள் என்று ஆசிரியர் எழுதவில்லை. நோட்டில் முந்தைய ஊர்கள் எல்லாம் அதைப் பற்றித்தான் அடித்துக்கொண்டிருந்தன.

எனக்குச் சந்தேகமே இல்லை. "மனசாட்சி," என்றேன். "உறுத்தல் தாங்காம வர்றா. வேற என்ன?"

"எழுதினவருக்குக் கை வலிச்சிருக்கும்," என்றார் லென். "முடிச்சாகணுமே. வா தாயின்னு கூப்புட்டிருப்பாரு."

கோரல் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள். அப்புறம், "உறுத்தலாவது ஒண்ணாவது," என்றாள். "முந்தின அத்தியாயத்துல மூணு வேளையும் நல்லா சாப்புடுறா பாருங்க. வாழ்க்கையில அவ ஒரே ஒரு பெரிய காரியம் பண்ணியிருக்கா. ஊரே சேந்து அந்தப் பேரக் கடலுக்குக் குடுத்துருச்சு. அத அவளால பொறுக்க முடியல. அவ்ளோதான்."

எல்லாரும் அந்த அத்தியாயத்தைத் தேடிப் பக்கத்தைப் புரட்டினார்கள். லென், "அடிப்பாவி," என்று மெதுவாகச் சொன்னார். பத்தொன்பது வருடத்தில் நான் பேசி யாரும் அப்படிப் பக்கத்தைப் புரட்டியது கிடையாது.

"அப்படியெல்லாம் எந்தப் பொம்பளையும் பண்ண மாட்டா, கோரல்," என்றேன்.

"உனக்கு அவளப் பாத்தா பாவமா இல்லையா வெர்னா? எனக்கு இருக்கு."

அப்போதுதான் லென் அதைச் சொன்னார். "இந்தத் தடவ நோட்டுல கோரல் எழுதட்டுமே. ஒரு மாறுதலுக்கு." எல்லாரும் கை தூக்கினார்கள். வெடுக்கென்று இல்லை, சாதாரணமாக, இன்னொரு பிஸ்கட் வேண்டுமா என்று கேட்டால் தூக்குவதுபோல. வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. அதைப் பொறாமை என்று நீங்கள் எழுதக்கூடாது. ஒரு தவறான அபிப்பிராயம் எங்கள் ஊர்ப் பெயரில் தீவு முழுக்கச் சுற்றப்போகிறது. யாராக இருந்தாலும் எரியும்.

இத்தனை கருத்து வேறுபாடு இருக்கும்போது அவசரப்படக் கூடாது, இன்னொரு முறை கூடிப் பேசிவிட்டு எழுதலாம் என்றேன். பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை, பகல் இரண்டு மணிக்கு, என் தோட்டத்தில். நியாயமான யோசனை என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

தோட்டத்தில் பழைய பிளம் மரத்தடியில்தான் நல்ல நிழல். அங்கே ஜாக்ஜம்பர் புற்று இருப்பது டிசம்பரிலிருந்தே தெரியும். எறும்பைக் கொல்லப் பொடி வாங்கி வைத்திருந்தேன். பொடி டப்பா இன்னும் பிரிக்காமல் கொட்டகையில் இருக்கிறது, நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அன்று கோரலைக் கூட்டிவரப் போனேன். "ஊசி எடுத்துக்கிட்டேன் பாரு, இல்லன்னா நீ திட்டுவ," என்று மஞ்சள் உறையைத் திறந்து காட்டிவிட்டுக் கைப்பையில் போட்டாள். பையைச் சமையல் மேடையில் விட்டுவிட்டுத் தொப்பியைத் தேட உள்ளே போனாள். அவள் எதையும் வைத்த இடத்தில் தேடுகிறவள் அல்ல. எனக்கு நேரம் இருந்தது. ஊசியை உறையிலிருந்து எடுத்துக் கெட்டில் பக்கத்தில் வைத்தேன். நான் செய்ததாகச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. ஒரு பொருள் இருந்த இடத்திலிருந்து நான்கு அடி நகர்ந்தது.

அப்புறம் நாற்காலிகளைப் போட்டேன். அவளுடையதை நிழலில். வெயில் அவளுக்கு ஆகாது.

அவள் எழுதி வந்த பக்கத்தை வாசித்தாள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள், அதை ஒத்துக்கொள்கிறேன். பாதியில் நிறுத்திக் கணுக்காலைப் பார்த்தாள். "லென், என் பை," என்றாள். லென் உறையைத் திறந்தார். கவிழ்த்து உதறினார். அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

"கெளம்பும்போது வச்சேனே," என்றாள். குரல் அப்போதே அடைக்கத் தொடங்கிவிட்டது. "வெர்னா, நீ பாத்தல்ல?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "பதறாத கோரல். எங்க வச்சேன்னு நிதானமா யோசிச்சுப் பாரு," என்றேன்.

லென் அவள் வீட்டுக்குக் காரை எடுத்துக்கொண்டு பறந்தார். போக வர அரைமணி. ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம். கோரலுக்கு இருபத்தைந்து நிமிடம் போதுமாக இருந்தது. கடைசிவரை அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல வாசகி, அதில் சந்தேகமில்லை.

மறதி, எறும்பு, விபத்து என்று விசாரணையில் எழுதி மூடிவிட்டார்கள். அடுத்த கூட்டத்தில், அவள் நினைவாக அவள் பக்கத்தையே நோட்டில் எழுதலாம் என்றார் லென். அவரே உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்து, அடித்தல் திருத்தலோடு எழுதினார். நானும் கை தூக்கினேன். குழுவுக்கு அவள் பெயர் வைக்கலாம் என்றார்கள். அதற்கும் தூக்கினேன்.

இதெல்லாம் நடந்து நான்கு மாதம் கழித்து ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். மனசாட்சி. வேறு காரணம் இல்லை. தூக்கம் எல்லாம் சரியாகத்தான் வருகிறது, பசிக்கிறது, ஆனால் உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. பத்திரிகையில் எறும்பின் படத்தை உள்ளங்கை அகலத்துக்குப் போட்டிருந்தார்கள். என் தோட்டத்தின் படமும் இருந்தது. கீழே 'ஒரு வீட்டுத் தோட்டம்' என்று மட்டும் எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்தில் எறும்பைப் பற்றிச் சொற்பொழிவு. மாதாகோயிலில் எறும்பு. கறிக்கடையில் எறும்பு.

இன்று காலை பால் வாங்க நிற்கிறேன், முன்னால் லென். ஆள் பாதியாக இளைத்துவிட்டார். "தம்மாத்தூண்டு எறும்பு வெர்னா," என்றார். "எப்பேர்ப்பட்ட பொம்பளையக் கொண்டுபோயிருச்சு பாரு."

"எறும்பா?" என்றேன்.

"பின்ன யாரு?"

அந்த எறும்புக்கு நாற்காலியை எங்கே போட வேண்டும் என்று தெரியுமா? உறையைத் திறந்து மறுபடி மடித்து வைக்கத் தெரியுமா? கோரல் தொப்பி தேட எத்தனை நேரம் எடுப்பாள் என்று தெரியுமா? பாலை அங்கேயே வைத்துவிட்டு நேராக இங்கே வந்தேன்.

ஆக, பியானோ டீச்சர் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. உறுத்தல்தான் ஆளை நடத்திக் கூட்டி வருகிறது. இந்த வாக்குமூலத்தின் பிரதி ஒன்றை நூலகத்துக்கு அனுப்ப முடியுமா என்று பாருங்கள். அந்த நோட்டில் லென் எழுதிய பக்கத்துக்கு எதிரே ஒட்டட்டும். படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாசித்துக் காட்டினீர்கள், எல்லாம் சரியாக இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் மனசாட்சி என்று எழுதிவிட்டீர்கள்தானே? நல்லது. ஒரே ஒரு திருத்தம். முதல் வரியில் எறும்பு கடித்து என்று தொடங்கியிருக்கிறீர்கள். அங்கே எறும்புக்கு முன்னால் என் பெயர் வரட்டும்.