இரண்டாவது உப்பு

இடியப்ப அச்சு வாங்குவதாக இருந்தால் பித்தளையில் வாங்குங்கள், டாக்டர். மர அச்சு மழைக்காலத்தில் ஊதிக்கொள்ளும். பிளாஸ்டிக் அச்சு சூட்டு மாவுக்குத் தாங்காது. இது நானாகக் கண்டுபிடித்ததில்லை, என் மனைவி பூமாதேவி சொன்னது. தம்போயில் எங்கள் தாமான் குடியிருப்புப் பெண்கள் ஒரு வாட்சப் குழு வைத்திருக்கிறார்கள். சூடேறாமல் தேங்காய் அரைக்கிற மிக்சி எது, புது இரும்புக் குவாலிச் சட்டியை எப்படிப் பழக்குவது, கல்யாணமாகிப் போகிற மகளுக்கு எந்தச் சமையல் புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம் என்று யார் எதைக் கேட்டாலும் கடைசி வார்த்தை அவளுடையதுதான். எல்லாவற்றுக்கும் குரல் பதிவில் பதில் போடுவாள். ஒரு முறை அவள் பேசியதைக் கேட்டு நானே சிரித்துவிட்டேன்.

"உப்பு தேவையான அளவுன்னு போட்டிருந்தா அந்தப் புத்தகத்த வாங்காதீங்கம்மா. அந்த அளவு தெரிஞ்சா நான் ஏன் புத்தகம் வாங்கப் போறேன்?"

பூமாவின் மறதி முதலில் எப்போது தெரிந்தது என்று சென்ற முறை கேட்டீர்கள். நான் சொன்ன பதில் முழுமையானதல்ல. அவள் இப்போது வெளியே எங்கள் மகள் லோஷினியோடு உட்கார்ந்திருக்கிறாள். கதவைச் சாத்தச் சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அவளுக்குக் கேட்காமல் சொல்ல வேண்டியது சில இருக்கிறது.

நான் செனாய் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். பிறர் செய்த சாமான்களில் குறை கண்டுபிடிப்பது என் தொழில். வேலைக்குப் போன காலமெல்லாம் அதிகாலையில் கிளம்பி இருட்டிய பிறகு வருவேன். ஓய்வு பெற்றால் நானும் அவளும் என்று நினைத்திருந்தேன். காலையில் சேர்ந்து பசாருக்குப் போவது, மத்தியானம் சூடாக அவள் பரிமாறச் சாப்பிடுவது, இவ்வளவுதான் என் ஆசை. பெரிய ஆசையென்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் நான் வீட்டுக்குள் வந்த நேரம் அவள் வெளியே கிளம்பிவிட்டாள். கூலாயில் இருக்கும் அவளுடைய பள்ளித் தோழி செல்லம், கோயில் மண்டபத்தில் சமையல் வகுப்பு ஆரம்பித்தாள். கல்யாணமான பெண்கள், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் என்று கூட்டம் சேர்ந்தது. பூமா தன் அச்சுகளையும் கரண்டிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு காலையிலேயே போய்விடுவாள். மேசை மேல் சோறு மூடி வைத்திருக்கும். நான் அவளைத் தடுக்கவில்லை, டாக்டர். மனைவியைத் தடுக்கிற ஆள் நான் இல்லை. மூடி வைத்த சோற்றைத் திறந்து தனியாகச் சாப்பிட்டேன். அப்போது எனக்கு அழுகை வந்திருக்கிறது. அதையும் அவளிடம் சொன்னதில்லை.

அது தற்செயலாகத்தான் ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லமும் குழுப் பெண்கள் சிலரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது பூமாவின் தொலைபேசி அடித்தது. பேசிவிட்டு வந்தவள், "உப்பு போட்டேனாங்க?" என்று கேட்டாள். அவள் போட்டதை நான் பார்த்திருந்தேன். "போடல" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது. அவள் மறுபடியும் போட்டாள்.

முதல் வாயிலேயே எல்லார் முகமும் மாறியது. எல்லாரும் தண்ணீர் குடித்தார்கள். "அலமாக், பூமாக்காவுக்கே கை தவறிடுச்சா?" என்று ஒரு சின்னப் பெண் விளையாட்டாகச் சொன்னாள். பூமா சிரித்தாள். ஆனால் அவர்கள் போன பிறகு சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். "நான் ரெண்டு தடவ போட்டுட்டேன் போலிருக்குங்க. எனக்குத் தெரியவே இல்ல" என்றாள். அவள் என்னிடம் அப்படி ஒட்டி நின்று எத்தனையோ காலமாகியிருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. இதை மறைப்பதில் பயனில்லை.

அதற்குப் பிறகு நடந்தது தற்செயல் இல்லை. குக்கர் வெயிட்டை எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டேன். தேங்காய்த் துருவியைத் துணி அலமாரியில் வைத்தேன். அவள் வீடெல்லாம் தேடுவாள். நானும் கூடத் தேடுவேன். கடைசியில் அவளே கண்டுபிடிக்கும்படி விட்டுவிடுவேன், நான் கண்டுபிடித்தால் சந்தேகம் வரும். அவள் போட்டுவிட்டு நகர்ந்த பிறகு நானே இன்னொரு கை உப்புப் போட்டேன். தினமும் இல்லை. தினமும் நடந்தால் உப்பு ஜாடியில்தான் கோளாறு என்று நினைப்பாள். தரம் பார்ப்பவனுக்கு இதெல்லாம் தெரியும்.

செல்லம் மட்டும் இடைஞ்சலாக இருந்தாள். "மறதி எல்லாருக்கும் வர்றதுதான்லா. அண்ணே, நீங்க சும்மா அவள பயமுறுத்தாதீங்க" என்று என்னிடமே சொன்னாள். பூமாவும் அவள் பேச்சைக் கேட்டு வகுப்புக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். தீபாவளிக்கு முன்னால் முறுக்கு வகுப்பு வந்தது. அவள் வீட்டில் கலந்து வைத்திருந்த மாவில் ஆப்பச் சோடா சேர்த்துவிட்டேன். அத்தனை பேர் பார்க்க முறுக்கு எண்ணெயில் பிரிந்து தூள்தூளாகப் போனதாம். நான் கூட்டிவரப் போனபோது மண்டப வாசலில் செருப்புகூடப் போடாமல் நின்றுகொண்டிருந்தாள். எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது.

பாவமாக இருந்தாலும் அவள் அடுத்த வாரம் மறுபடி பையை எடுத்தாள். ஆகவே கேஸ். அவள் குளித்துக்கொண்டிருந்தபோது அடுப்பைப் பற்றவைக்காமல் குமிழைத் திருப்பிவிட்டேன். ஆபத்து ஒன்றும் இல்லை, நான் ஜன்னலைத் திறந்து வைத்துப் பக்கத்திலேயே நின்றேன். அவள் தலை துவட்டிக்கொண்டு வந்து வாடையைப் பிடித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "உங்களைக் கொன்னுருப்பேனே" என்றாள். தன்னைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. அன்றே செல்லத்துக்குச் சொல்லிவிட்டாள், இனி வரமாட்டேன் என்று. குழுவிலிருந்தும் விலகிக்கொண்டாள். பெண்கள் வந்து அவளுடைய அச்சுகளையும் கல் உரலையும் எடுத்துப் போனார்கள், அவளே கொடுத்தாள். செல்லம் குவாலியை வாங்கிக்கொண்டு வாசலில் நின்று அழுதாள். பூமா அவளுக்கு ஆறுதல் சொல்லி, அதை எப்படி எண்ணெய் தடவி வைக்க வேண்டும் என்று மறக்காமல் சொல்லி அனுப்பினாள். இவளா மறதிக்காரி என்று யாருக்கும் அப்போது சந்தேகம் வரவில்லையே என்று நான் இப்போது ஆச்சரியப்படுகிறேன். அவள் நோயின் மேல்தான் அவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், டாக்டர்.

அதன் பிறகு சில மாதங்கள் நாங்கள் நன்றாக இருந்தோம். சேர்ந்து பசாருக்குப் போனோம். நான் சொல்லச் சொல்ல அவள் சமைத்தாள். உப்பு, புளி, தண்ணீர் எல்லாம் என்னைக் கேட்டுக் கேட்டுத்தான். பிறகு மற்றவற்றையும் கேட்க ஆரம்பித்தாள். குளித்தேனா, கதவைச் சாத்தினேனா, மாத்திரை போட்டேனா. ஒரு மத்தியானம், "நான் சாப்பிட்டேனாங்க?" என்று கேட்டாள். அவள் சாப்பிட்டிருக்கவில்லை. சாப்பிட்டாய் என்றேன். என்ன செய்கிறாள் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. "பசிக்கிற மாதிரி இருக்கே" என்றாள். "உனக்கு அப்படித்தான் தோணும்" என்றேன். தட்டைக் கழுவி அடுக்கிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். சாயங்காலம் நானே ரொட்டி சானாய் வாங்கிவந்து ஊட்டிவிட்டேன். நான் கொடுமைக்காரன் இல்லை.

பிசகியது எங்கே என்றால், கேஸ் விஷயத்தை லோஷினியிடம் தேவைக்கு மேல் விவரமாகச் சொல்லிவிட்டேன். அவள் பயந்துபோய்ச் சிங்கப்பூரிலிருந்து வந்து உங்களிடம் கூட்டி வந்தாள். நீங்கள் பூமாவைக் கடிகாரம் வரையச் சொன்னீர்கள், அழகாக வரைந்தாள். வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லச் சொன்னீர்கள். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள், ஆனால் ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு "சரியாங்க?" என்று என் முகத்தைப் பார்த்தாள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றீர்கள். இருந்தாலும் வீட்டில் நடந்ததாக நான் சொன்னதையெல்லாம் வைத்து, இந்த வயதில் நான் ஒருவனாக அவளைப் பார்த்துக்கொள்ள முடியாது, பராமரிப்பு இல்லத்தில் விடுவதுதான் நல்லது என்று நீங்களும் லோஷினியும் முடிவு செய்தீர்கள். கூலாயில் இடம் பார்த்தாகிவிட்டது. அதனால்தான் வந்து சொல்கிறேன். அவளுக்கு எந்த நோயும் இல்லை. செய்ததெல்லாம் நான். ஆகவே அவளை எங்கேயும் அனுப்பத் தேவையில்லை.

நேற்று இதையெல்லாம் அவளிடமே சொன்னேன். லோஷினி தன் அம்மாவின் சேலைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில் பூமா பக்கத்தில் உட்கார்ந்து, உப்பு, வெயிட்டு, சோடா, கேஸ், அந்த மத்தியானச் சோறு என்று ஒன்று விடாமல் சொன்னேன். லோஷினி அடுக்குவதை நிறுத்திவிட்டு, "போதும்பா, அழாதீங்க" என்றாள். பூமா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் கன்னத்தைத் துடைத்தாள்.

"என்னை அனுப்பக் கூடாதுன்னு பழிய எல்லாம் உங்க தலையில போட்டுக்கிறீங்களே. உங்களுக்கு இதெல்லாம் செய்யத் தெரியுமா? இவ்வளவு பாசம் வச்சிருக்கிற மனுஷன விட்டுட்டு நான் அந்த வகுப்பு வகுப்புன்னு அலைஞ்சிருக்கேன் பாருங்க."

அவள் என்னை நம்பவில்லை. என் மகளும் நம்பவில்லை. நீங்கள் படித்தவர், யோசித்துப் பாருங்கள். நானே என் வாயால் சொல்லியும் என் மேல் ஒரு பழி ஏற அவள் விடவில்லை. இப்படி நம்புகிறவளை என்னைத் தவிர வேறு யார் கையில் ஒப்படைப்பது, டாக்டர்?