துணி கட்டிய முனை

றைஸா டீச்சரின் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். தமிழிலும் அப்படித்தான், சிங்களத்திலும் அப்படித்தான். என் மனுக்கள் எல்லாவற்றையும் அவள்தான் எழுதித் தந்தாள். நான்கு வருடத்தில் ஏழு மனு. அவற்றில் ஒன்றையாவது உரிய காலத்தில் யாராவது வாசித்திருந்தால், சேர், நான் இன்று உங்கள் முன்னால் இந்தக் கதிரையில் இருந்திருக்க மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. நடந்ததை ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

என் பெயர் சித்தி ஸுலைஹா. தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து வந்தோம். பத்து வருடம் முகாம். பிறகு வண்ணாத்திவில்லுக்கு மேற்கே, கடற்களப்புப் பக்கமாக ஒரு துண்டுக் காணி. நானும் என் கணவர் ஜெமீலும் கச்சான் கடலை போட்டோம். கச்சான் முற்றும் நாட்களில் பன்றி வரும். விடிவதற்குள் அரை ஏக்கரைக் கிண்டிவிட்டுப் போய்விடும். யானை வந்தால் விரட்ட அரசாங்கம் வெடி கொடுக்கும். பன்றிக்கு யாரும் எதுவும் கொடுப்பதில்லை. அதனால் எங்கள் ஊரில் கட்டுத்துவக்கு இல்லாத வீடு குறைவு. ஓர் இரும்புக் குழாய், பாதைக்குக் குறுக்கே தங்கூசி நூல். நூலில் கால் பட்டால் வெடிக்கும். செத்த பன்றியை நாங்கள் தொடமாட்டோம். காலையில் வெளியாட்கள் மோட்டார் சைக்கிளில் வந்து தூக்கிப் போவார்கள். சட்டப்படி அது குற்றம் என்று எங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ஊருக்கென்று ஓர் ஒழுங்கும் இருந்தது. மாலை அஸர் தொழுத பின் துவக்கைக் கட்டுகிறவர், ஒற்றையடிப் பாதை தொடங்கும் இடத்து மரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்ட வேண்டும். விடியற்காலை சுபஹுக்குப் பிறகு போய் நூலை அவிழ்த்து, துணியையும் எடுத்துவிட வேண்டும். துணி கட்டினால் அவருடைய பொறுப்பு முடிந்தது. அதற்கு மேல் போகிறவர் பாடு.

ஆனால் ஒரு பாதைக்கு இரண்டு முனை உண்டு. எங்கள் ஆட்கள் ரோட்டுப் பக்கத்து முனையில் மட்டும்தான் துணி கட்டுவார்கள். ஜெமீல் அன்று களப்பில் வலையைப் பார்த்துவிட்டு மற்ற முனையால் ஏறி வந்தார். பன்றிக்கு என்று முழங்கால் உயரத்தில் கட்டியிருந்த நூல். தொடையில் பட்டது. புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் மவுத்தாகிவிட்டார்.

நான் கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் இருந்தேன். நான்கு மாதமும் பத்து நாளும் படலை தாண்டவில்லை. இருந்து முடித்து வெளியே வந்தபோது விசாரணையும் முடிந்திருந்தது. துவக்கைக் கட்டியவர் யாரென்று தெரியவில்லை என்று எழுதி வைத்திருந்தார்கள். ஊரில் எல்லாருக்கும் தெரியும். பள்ளிவாசல் தலைவர் சரீப் ஹாஜியார் என் வாசலில் நின்று, நல்ல மனதோடுதான், சொன்னார்:

"துணி கட்டித்தானே இருந்திச்சு, மகள். கட்டினவன்ல பிழையில்ல. இந்த வழியால வாறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லாம வந்தவர்லதான் பிழை."

அந்தப் பேச்சை நான் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. நான்கு வருடம் வாயிலேயே வைத்திருந்தேன்.

அரசாங்கக் கந்தோருக்கு அனுப்பிய மனுவில் நாங்கள் கேட்டது ஒன்றுதான். ஊரில் இருக்கும் துவக்குகளை எடுத்துப் போங்கள். அதைப் பற்றி ஊரில் ஒரு முறை கூட்டமும் நடந்தது. நான் எழுந்து பேசத் தொடங்கியதும் பின்வரிசையில் ஒருவன், "துவக்கெடுத்தா பண்டிக்கு என்ன செய்யிற? மாமிட மனுவ வாசிச்சுக் காட்டுறதா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பஸ் மோதியும்தான் ஆட்கள் சாகிறார்கள், அதற்காக பஸ்ஸை நிறுத்துவதா என்று இன்னொருவன் கேட்டான்.

றைஸா எழுந்தாள். "பஸ்ஸுக்கு பிரேக் இருக்கு, ஓட்டுறவனுக்கு லைசன் இருக்கு. ஒங்கட நூலுக்கு என்ன இருக்கு?"

அங்கிருந்த பாதிப் பேருடைய பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் அவள். அவள் பேசும்போது ஆண்கள் நிலத்தைப் பார்த்தார்கள். நான் பேசும்போது கடிகாரத்தைப் பார்த்தார்கள். அந்த வேறுபாட்டை நான் அன்றுதான் சரியாகக் கவனித்தேன். பொறாமை இல்லை. கவனித்தேன், அவ்வளவுதான்.

கூட்டத்துக்குப் பிறகும் துவக்குகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஏழாவது மனுவுக்கு மட்டும் ஒரு பதில் வந்தது. உரிய பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று ஒரு வரி. அதைக் காட்டியபோது றைஸா, "கொஞ்சம் பொறுங்க மாமி. நான் நேர போய் ஆளக் கண்டு கதைச்சிருக்கன்" என்றாள். பொறுங்கள் என்று சொல்வது எல்லாருக்கும் எவ்வளவு இலேசாக வருகிறது. அவள் சொல்லிவிட்டு, கொண்டு வந்த பாண் துண்டை என் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டாள். நான் அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெமீலைப் போன்ற ஒருவர் செத்தால் ஊர் அசையாது. அது நான்கு வருடம் படித்த பாடம். அசைய வேண்டுமென்றால் ஊருக்கு வேண்டிய ஒருவர் தேவை. சமைக்கும்போதும் கச்சான் உடைக்கும்போதும் மனதுக்குள் வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். சரீப் ஹாஜியாரை நினைத்தேன். அவர் என்றால் பழிவாங்கினேன் என்பார்கள், வயதும் ஆகிவிட்டது. பிள்ளைகளை நினைக்கவில்லை. நான் அப்படிப்பட்டவள் அல்ல. கடைசியில் ஒரு பெயர்தான் மிஞ்சியது. அந்தப் பெயர் வந்ததும் எனக்கு அழுகை வந்தது. அதனால்தான் அது சரியான பெயர் என்றும் தெரிந்தது.

மனுக்களில் நாங்கள் எழுதாத ஒரு விஷயம் இருக்கிறது. ஜெமீலும் துவக்குக் கட்டியவர்தான். அவருடையது அலுமாரிக்குப் பின்னால், சாக்கில் சுற்றியபடி இருந்தது. அவர் கட்டும்போது நூலின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தேன்.

வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு, என் வீட்டுக்கு வரும் ஒற்றையடிப் பாதையில் களப்புப் பக்கமாக அதைக் கட்டினேன். ரோட்டுப் பக்கத்து மரத்தில் சிவப்புத் துணியும் கட்டினேன், ஒழுங்குப்படி. பிறகு றைஸாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். எட்டாவது மனு எழுத வேண்டும், காலையில் பள்ளிக்கூடத்துக்கு முன் வந்து போ, ரோட்டுப் பக்கம் சேறாக இருக்கிறது, களப்புப் பக்கத்தால் வா என்றேன்.

"ஓம் மாமி. எனக்கும் ஒங்களுக்கிட்ட ஒரு கதை சொல்ல இருக்கு. போன்ல வேணாம், நேர வந்து சொல்றன்" என்றாள். சிரித்த மாதிரி இருந்தது.

நூலை முழங்கால் உயரத்தில் கட்டவில்லை. காலில் பட்டால் ஒருவேளை பிழைத்துவிடுவாள். ஒற்றைக் காலோடு ஒரு பெண் காலம் தள்ளுவது எவ்வளவு கஷ்டம். அந்த வேதனையை நான் அவளுக்குக் கொடுக்க விரும்பவில்லை. என் நெஞ்சோடு சேர்த்து வைத்து அளந்தேன். நாங்கள் இருவரும் ஒரே உயரம்.

வெள்ளிக்கிழமை காலை துணியை எடுக்கப் போகவில்லை. குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. அந்தப் பக்கத்தை ஓதி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

நான் நினைத்ததுதான் நடந்தது. ஜனாஸா அடக்கத்துக்கு வந்தவர்களை மையவாடி கொள்ளவில்லை. மூன்றாம் நாள் பள்ளிவாசல் முற்றத்தில் முப்பத்தொரு குழாய்கள் குவிந்தன. சரீப் ஹாஜியார் தன்னுடையதைத் தானே தூக்கி வந்து போட்டுவிட்டு, எல்லாருக்கும் முன்னால் அழுதார். ஜெமீலுக்கு அழாத கண்கள். நான் தூரத்தில் நின்று குழாய்களை எண்ணினேன். ஏழு மனு செய்யாததை ஒரு நூல் செய்தது என்று நினைத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இப்போது நீங்கள் அவளுடைய கைப்பையில் இருந்த கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டுகிறீர்கள். கந்தோரிலிருந்து வந்தது. எங்கள் மனுவை ஏற்றுக்கொண்டார்கள், அடுத்த மாதம் முதலாம் வாரம் விசேட குழு வந்து வீடு வீடாகத் துவக்குகளை எடுக்கும் என்று இருக்கிறது. திகதி, நான் துவக்குக் கட்டியதற்கு முந்திய நாள். விலாசத்தில் என் பெயரும் அவள் பெயரும்.

அப்படியென்றால் நான் பேசியபோது கடிதம் அவள் கையில் இருந்திருக்கிறது. என் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஆசைப்பட்டிருக்கிறாள். ஒரு சொல், சேர். அன்று தொலைபேசியிலேயே ஒரு சொல் சொல்லியிருந்தால், நான் அப்போதே போய் நூலை அவிழ்த்திருப்பேன்.

நான் துணி கட்டித்தான் இருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கட்டியவளில் பிழையில்லை. சொல்லாமல் வந்தவளில்தான்.