பேசாக்கிடை

மலைக்கு ரோடு வராத காலம், ரோட்டுக்கு பஸ் வராத காலம், ஆவரங்கரட்டு அடிவாரத்தில் மொத்தமே இருபத்து மூன்று கூரைகள் இருந்த காலம். அந்தக் காலத்தில் அந்த ஊரில் விருமாயி என்று ஒருத்தி இருந்தாளாம். எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். வருஷத்தை எழுதி வைக்கிறவர்கள் யாரும் அங்கே இல்லை. மழை பெய்த வருஷம், பெய்யாத வருஷம், அவ்வளவுதான் கணக்கு.

விருமாயி எலும்பு முறிவு கட்டுகிறவருடைய மகள். அப்பன் கை அவளுக்கு அப்படியே வந்திருந்தது. உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துத் தடவி, மூங்கில் சிம்பு வைத்துத் துணி சுற்றி விட்டாளென்றால் நாற்பதாம் நாள் ஆள் எழுந்து நடப்பானாம். கைதான் இதம். வாய் அப்படி இல்லை. "ஏன்யா கத்துறே? ஒடைஞ்சது காலு. வாயி நல்லாத்தானே இருக்கு?" என்பாள். கட்டுக்கு வந்தவன் வலியை மறந்து அவளை முறைப்பான். முறைக்கிற நேரத்தில் எலும்பை இழுத்துச் சேர்த்துவிடுவாள்.

அப்போது மலைக்கு வேட்டைக்கு வருகிறவர்கள் அதிகம். ஜமீன் ஆள் வருவான், ஜமீனோடு துரை வருவான், துரையோடு நாய் வரும். சுடத் தெரிந்தவன் நாலு பேர் என்றால் தெரியாதவன் நாற்பது பேர். செத்தது அவர்களோடு போகும். சாகாதது நொண்டிக்கொண்டு ஊருக்குள் வந்து விழும். விழுந்ததை ஊர் அடுப்பில் வைக்கும். தப்பென்று சொல்வதற்கு நாம் யார்?

ஒருநாள் சோளக்காட்டில் ஒரு மிளா வந்து விழுந்ததாம். மிளா என்றால் மாட்டளவு இருக்கிற மான். தாய் செத்துவிட்டது. பக்கத்தில் குட்டி நிற்கிறது, முன்னங்கால் முறிந்து தொங்குகிறது. ஆண்கள் அரிவாளோடு வந்துவிட்டார்கள்.

"குட்டியுமா?" என்றாள் விருமாயி.

"குட்டிக்கறி பஞ்சு மாதிரி இருக்கும் தாயீ."

இடுப்பில் இருந்த கைக்குழந்தை அங்காயியை இறக்கி அவர்கள் முன்னால் விட்டாளாம். "இதுவும் பஞ்சு மாதிரிதான் இருக்கு. இதையும் சேத்து வெட்டுங்க."

அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவன் வெட்டமாட்டான். குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அவள் புருஷன் சடையாண்டி ஆடு மேய்க்கிறவன். போன வருஷம் நோய் வந்து ஆடு பூராவும் செத்துப்போயிருந்தது. ஊருக்கு மேற்கே, இடுப்புயரக் கல்சுவரும் முள்படல் கதவுமாக, அவனுடைய ஆட்டுக்கிடை காலியாகக் கிடந்தது. குட்டியை அங்கே விட்டாள். அதோடு நின்றதா? அடுத்து கால் முறிந்த மயில் வந்தது. கண்ணியில் ஒரு கண் போன நரி வந்தது. தீயில் வெந்த குரங்கு வந்தது. அது பிழைக்கவில்லை. தாயில்லாத முயல்குட்டிகள் ஐந்து வந்து மூன்று பிழைத்தன. அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் ஏது பேர், ஏது போர்டு? ஒருத்தி பார்த்தாள், அவ்வளவுதான்.

யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. வீட்டுக்கு ஒரு பிடி தானியம், ஒரு பிடி தவிடு, அவர்களாகக் கொண்டுவந்து படலோரம் வைப்பார்கள். கிடைக்குள் வந்த உயிர் சட்டிக்குப் போகக்கூடாது என்று ஊர்கூடிச் சத்தியமும் செய்தார்கள். வயிறு நிறைந்திருக்கும்போது சத்தியம் செய்வது எவ்வளவு சுலபம்!

பக்கத்து வீட்டுக் கழுவாயி, சடையாண்டிக்கு அக்கா, விருமாயிக்கு மதினி. தவிட்டுக் கொட்டானோடு வருவாள். சும்மா வரமாட்டாள். "ஏண்டி விருமாயி, எங்காத்தாளுக்கு ஒரு நாளு ஒரு வாய்க் கஞ்சி ஊத்தியிருப்பியா? நரிக்குக் கூழு ஊத்துறே?"

"ஒங்காத்தா கடிப்பா மதினி. நரி கடிக்காது."

கழுவாயியே விழுந்து விழுந்து சிரிப்பாளாம்.

இதுவரைக்கும் எல்லாம் நல்ல கதை. இனிமேல்தான் அவள் செய்த தப்பு வருகிறது.

விருமாயி அத்தனைக்கும் பேர் வைத்தாள். மிளாவுக்குப் பூவாயி. நரிக்கு ஒத்தக்கண்ணன். மயிலுக்கு மைனர். கையால் ஊட்டினாள், பேசினாள், அதட்டினாள். குணமானதும் மலையில் விட்டாள், பொய்யில்லை. ஆனால் பொழுது சாயும் நேரம் கிடைக்குப் பக்கத்துப் பாறையில் ஏறி நின்று, "பா... ப்பா... பா" என்று நீளமாக ஒரு குரல் கொடுப்பாள். மலைச்சரிவில் அங்கே ஒன்று அசையும், இங்கே ஒன்று அசையும். பூவாயி துள்ளிக்கொண்டு இறங்கி வந்து அவள் மடிக்குள் மூக்கை விட்டுத் தவிடு தேடும். ஊரே வேடிக்கை பார்க்க வரும். பிள்ளைகள் கைகொட்டும். விருமாயிக்குத் தலைகால் புரியாது.

சடையாண்டி மட்டும் சிரிக்கமாட்டான். அவன் அதிகம் பேசாதவன்.

"வெட்டுற ஆட்டுக்கே நாங்க பேரு வைக்கமாட்டோம், விருமாயி. நீ காட்டு உசுருக்கு வைக்கிறே. அது மனுசனைப் பாத்தா ஓடணும். நிக்கிதே."

"நான் கூப்பிட்டாத்தான் வரும். நீ கூப்பிடு, வருதான்னு பாப்போம்."

அவன் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. பாறையடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தான். மூன்று வருஷம் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு மழை நின்றது. ஒரு வருஷம் பெய்யவில்லை. மறுவருஷமும் பெய்யவில்லை. மூன்றாம் வருஷம் மேகமே வரவில்லை. முதலில் படலோரம் பிடி தானியம் நின்றது. பிறகு வீட்டிலேயே நின்றது. கற்றாழைக் கிழங்கைத் தின்றார்கள். எறும்புப் புற்றை வெட்டி, எறும்பு சேர்த்து வைத்த புல்லரிசியைப் புடைத்துத் தின்றார்கள். புளியங்கொட்டையை வறுத்துத் தின்றார்கள். இருபத்து மூன்று கூரையில் ஆறு கூரைக்கு ஆள் இல்லாமல் போயிற்று. கழுவாயியின் கடைசிப் பிள்ளையும் போயிற்று. அழுவதற்குக்கூடத் தெம்பில்லை, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

மலையிலும் ஒன்றும் இல்லை. விட்டதெல்லாம் கிடைக்கே திரும்பி வந்து நின்றன. பூவாயி, ஒத்தக்கண்ணன், மைனர், இன்னும் நாலைந்து. விருமாயி இலுப்பைச் சருகும் காய்ந்த கொடியும் அரித்துக்கொண்டு வந்து போட்டாள். எலும்பும் தோலுமாக நின்றாலும் பூவாயி மாட்டளவு இருந்தது. ஊர்க் கண் அதன்மேல் இருந்தது.

ஒருநாள் முற்பகலில் ஊர் வந்து படலோரம் நின்றது. ஆண், பெண், நடக்க முடிந்தவர்கள் எல்லாரும்.

"படலைத் தெற, விருமாயி."

"சத்தியம் பண்ணுனீங்க."

"சத்தியம் பண்ணுனவன் பாதிப் பேரு செத்துட்டான்" என்றார் ஒரு பெரியவர்.

கழுவாயி முன்னால் வந்தாள். "எம்பிள்ளை வாயில மண்ணு அள்ளிப் போட்டேண்டி. நீ அந்த மிளா வாயில எலை அள்ளிப் போடுறே."

"வெயில் தாழட்டும்" என்று மட்டும் சொன்னாள் விருமாயி. நிற்கத் தெம்பில்லாத ஊர், சரியென்று நிழலுக்குப் போய்ப் படுத்துவிட்டது.

உச்சிவெயிலில் அவள் படலைத் திறந்தாள். ஊருக்கில்லை, மலைக்கு. "போங்க" என்றாள். எதுவும் அசையவில்லை. கம்பால் அடித்தாள். நரி போயிற்று, முயல் போயிற்று, மைனர் தத்தித் தத்திப் போனான். பூவாயி போகவில்லை. அடிக்கிற கையை நக்க வந்தது. கல்லை எடுத்து எறிந்தாள். அது முன்னங்காலில் பட்டது. எந்தக் காலை உளுந்து மாவு தடவிக் கட்டினாளோ அதே கால். பூவாயி நொண்டிக்கொண்டே சரிவேறிப் போயிற்று. ஏறி நின்று திரும்பிப் பார்த்தது. இன்னொரு கல்லை எறிந்தாள். அதற்குப் பிறகு அது கண்ணில் படவில்லை.

வெயில் தாழ்ந்து ஊர் வந்து பார்த்தது. கிடை காலி. யாரும் அடிக்கவில்லை, அடிக்கத் தெம்பு வேண்டுமே. கழுவாயி துப்பப் பார்த்தாள். எச்சில் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அங்காயி கண்ணைத் திறக்கவில்லை. ஆறு வயசு. வயிறு மட்டும் பானையாக இருக்கிறது, கை கால் எல்லாம் சுள்ளி. புளியங்கொட்டைக் கஞ்சியை ஊற்றினால் கடைவாயில் வழிகிறது. சடையாண்டி பிள்ளையைப் பார்த்தான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான். எழுந்து வெளியே போனான்.

அன்று பொழுது சாய விருமாயி ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் ஒரு குரல் கேட்டது.

"பா... ப்பா... பா."

அவளுடைய குரல். அவளுடைய இழுப்பு, அவளுடைய நிறுத்தம். ஆனால் ஆண் தொண்டையிலிருந்து வருகிறது.

குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். பாறையில் சடையாண்டி நிற்கிறான். கீழே ஊர் பதுங்கியிருக்கிறது. மைனர் ஏற்கெனவே வந்துவிட்டான், கழுத்துத் திருகிக் கிடந்தான். முயல்கள் கிடந்தன. ஒத்தக்கண்ணன் கிடந்தான். சரிவில், மரத்தோரம், பூவாயி நிற்கிறது. காதைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறது. குரல் சரி, ஆள் சரியில்லை என்று அதற்குத் தெரிகிறது. ஒரு காலை முன்னால் வைக்கும், எடுத்துவிடும். முன்னால் வைக்கும், எடுத்துவிடும். இன்னும் கொஞ்ச நேரம் போனால் திரும்பியிருக்கும். சத்தியமாகத் திரும்பியிருக்கும் என்கிறார்கள்.

விருமாயிக்கு அதுவரை காத்திருக்கத் தெரியவில்லை.

"ஓடிரு பூவாயி! ஓடிரு!" என்று நெஞ்சு வெடிக்கக் கத்தினாள்.

அதற்கு ஓடு என்றால் என்ன தெரியும், நில் என்றால் என்ன தெரியும்? அதற்குத் தெரிந்தது அவள் குரல். பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள், ஆள் வந்துவிட்டாள். நொண்டிக் காலோடு துள்ளிக்கொண்டு நேரே அவளிடம் ஓடி வந்தது. ஆட்களைத் தாண்டி வந்தது. அரிவாள்களைத் தாண்டி வந்தது. வந்து அவள் மடிக்குள் மூக்கை விட்டுத் தவிடு தேடிற்று.

மூக்கு மடிக்குள் இருக்கும்போதே வெட்டினார்கள்.

அன்றைக்கு ஊரில் எல்லா அடுப்பும் புகைந்தது. அங்காயிக்குச் சாற்றை விரலால் தொட்டுத் தொட்டு வைத்தான் சடையாண்டி. நாலாம் தடவை நாக்கு அசைந்தது. மறுநாள் கண்ணைத் திறந்தாள்.

விருமாயி சாப்பிட்டாளா என்று எல்லாரும் கேட்பார்கள். சாப்பிட்டாள். கழுவாயி கொண்டுவந்து கையில் வைத்தாள், சாப்பிட்டாள். அப்புறம் வெளியே போய் வாந்தியெடுத்தாள் என்று சிலர் சேர்த்துச் சொல்வார்கள், கேட்கிறவர்களுக்கு நன்றாயிருக்கட்டும் என்று. அப்படி இல்லை. மூன்று நாள் பட்டினி கிடந்தவள் சாப்பிட்டாள், வயிற்றில் தங்கியது. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

சடையாண்டியை அவள் வையவில்லை. பிள்ளை மடியில் கிடந்து மூச்சு விடுகிறது, எந்த வாயால் வைவாள்? அவனும் அதற்குப் பிறகு அந்தப் பாறையில் ஏறவில்லை. சாகும்வரை ஏறவில்லை.

ஐப்பசியில் மழை வந்தது. புல் வந்தது. புல் வந்தால் மான் வரும், மான் வந்தால் துப்பாக்கி வராமல் இருக்குமா? ஒருநாள் கழுவாயி முந்தானையில் எதையோ பொதிந்துகொண்டு கிடைப்பக்கம் வந்தாள். நரிக்குட்டி. பின்னங்கால் நசுங்கியிருந்தது. அதை விருமாயி காலடியில் வைத்தாள்.

விருமாயி குட்டியைப் பார்த்தாள். வீட்டுக்குள் போய், பழைய துணியால் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். முகம் தெரியாதபடி தலையோடு ஒரு கோணியைப் போர்த்திக்கொண்டாள். கட்டுப் போட்டாள். ஒரு சத்தம் இல்லை. கஞ்சியைத் தட்டில் வைத்துத் தள்ளிவிட்டு வெளியே வந்து படலைச் சாத்தினாள். பேர் வைக்கவில்லை. தடவவில்லை. கால் கூடியதும் முள்விளாறால் விளாசி, கல்லெறிந்து விரட்டினாள். போன நரி திரும்பிப் பார்க்கவில்லையாம். அன்றைக்குத்தான் வாய்க்கட்டை அவிழ்த்து, "போயிருச்சு மதினி" என்றாளாம்.

அதற்குப் பிறகு அவள் இருபது வருஷமோ முப்பது வருஷமோ இருந்தாள். எத்தனை உயிர் உள்ளே போய் வெளியே வந்தது என்று தெரியாது. ஒன்றுக்கும் பேர் இல்லை, எதை வைத்து எண்ணுவது?

அதுதான் பேசாக்கிடை. ஆவரங்கரட்டுக்கு மேற்கே இன்றைக்கும் இருக்கிறது, கல்சுவர் பாதி சரிந்து. அதைத் தாண்டும்போது ஆணானால் துண்டை, பெண்ணானால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தாண்டுவார்கள். பஸ்ஸில் அடிபட்ட மயிலோ, கிணற்றில் விழுந்த முள்ளம்பன்றியோ, எது கிடைத்தாலும் முதலில் அங்கேதான் கொண்டுபோய் விடுவார்கள். ஐப்பசியில் வீட்டுக்கு ஒரு பிடி தானியம் படலோரம் வைப்பார்கள், பேசாமல் வைத்துவிட்டுப் பேசாமல் வருவார்கள். புதிதாக வாக்கப்பட்டு வந்தவள் தெரியாமல் கோழியை "பா பா" என்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். அந்த ஊரில் ஆட்டையும் கோழியையும் கைதட்டித்தான் கூப்பிடுவார்கள்.

குணமானதை மலைக்கு விரட்டும்போது முதல் கல்லை அங்காயி வழிவந்த பெண்தான் எறியவேண்டும். அங்காயி பிழைத்தாள், பெற்றாள், அதனால்தான் இந்தக் கதையைச் சொல்ல நாங்கள் இருக்கிறோம். கல்லைக் காலில் படும்படி எறியக்கூடாது, காலுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி விழவேண்டும். எறிந்தபின், அது திரும்பிப் பார்க்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

பார்த்தால் இன்னொரு கல்.